பழைய பெட்டிக்கு எந்தக் கணக்கில் சுருதி சேர்ப்பது?

காரைக்குடி வட்டாரத்தில் பெரிய வீடு என்றால் இரண்டாங்கட்டில் ஏதாவது ஓர் அறையில் ஆர்மோனியப் பெட்டி ஒன்று முடங்கிக் கிடக்க வாய்ப்புண்டு. வாசித்தவர் போய்ச் சேர்ந்திருப்பார், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், பெட்டி மட்டும் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும். எங்கள் வெள்ளிக்கிழமைத் தேவாரக் குழுவுக்குக் கோட்டையூரில் ஒரு வீட்டிலிருந்து அப்படி ஒன்று வந்திருக்கிறது. துருத்தி மாற்றியாகிவிட்டது. கட்டைகளும் சிக்காமல் இறங்கி ஏறுகின்றன. மிச்சம் சுருதிதான். பெட்டியைப் பிரித்து வைத்திருக்கும் ரிப்பேர்க்காரர் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: “அண்ணே, போன்ல ஆப் வச்சு அது காட்டுறபடியே சேர்த்துரவா, இல்ல ஆதார சுருதியோட ஒட்டுற மாதிரி சேர்க்கவா?”

இரண்டும் ஒன்றுதானே என்று குழுவில் பாதிப் பேர் நினைத்தார்கள். ஒன்றல்ல. தப்பாகத் தேர்ந்தெடுத்தால் பிறகு மாற்றுவதும் லேசில்லை. ஆர்மோனியத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு பித்தளை நாக்கு உண்டு, அதுதான் ரீடு. அதன் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். மூன்று ஸ்தாயி (ஒரு ‘ச’-விலிருந்து அடுத்த மேல் ‘ச’ வரை ஒரு ஸ்தாயி), இரண்டு வரிசை என்றால் எழுபதுக்கு மேற்பட்ட நாக்குகள். சுரண்டிய பித்தளை திரும்பி வராது. ஒருமுறை ஒரு கணக்கில் சேர்த்து, பிடிக்கவில்லை என்று இன்னொரு கணக்குக்குப் போனால் நாக்கு மெலிந்துகொண்டே போகும். அதனால் அரத்தைக் கையில் எடுக்கும் முன்பே கணக்கை முடித்துவிட வேண்டும்.

கணக்கு பள்ளிக்கூடப் பெருக்கலைத் தாண்டாது. ஒரு சுரம் என்பது காற்று ஒரு விநாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்ற எண். நம் ‘ச’, அதாவது சட்ஜம், 240 என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கட்டையாக இருந்தாலும் விகிதம் ஒன்றுதான், 240 என்றால் பின்னம் குறைவாக வரும் என்பதற்காக மட்டும் அந்த எண். மேல் ‘ச’ இதற்கு இரண்டு மடங்கு, 480. பஞ்சமம் ஒன்றரை மடங்கு, 360. பழந்தமிழில் குரல், இளி என்று சொன்ன ச-ப உறவு இந்த ஒன்றரைதான். எந்தச் சுரம் ஒலித்தாலும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு எண்களும் மெல்லக் கூடவே ஒலிக்கும், அவைதான் மேல்சுரங்கள். தம்புராவில் ச-ப மீட்டும்போது இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்த மாதிரி கேட்பதற்குக் காரணம், சட்ஜத்தின் மூன்றாவது மேல்சுரமும் பஞ்சமத்தின் இரண்டாவது மேல்சுரமும் ஒரே இடத்தில், 720-இல், விழுவது.

இப்போது வம்பு. ‘ச’-விலிருந்து பஞ்சமம், அந்தப் பஞ்சமத்துக்குப் பஞ்சமம் என்று ஒன்றரையால் பெருக்கிக்கொண்டே போனால் பன்னிரண்டாவது தடவையில் கிட்டத்தட்ட மறுபடி ‘ச’-வுக்கே வந்துவிடுகிறோம். நம் ஸ்தாயியில் பன்னிரண்டு இடங்கள் இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான். ஆனால் கிட்டத்தட்டதான். ஒன்றரையைப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் 129.75. ஏழு ஸ்தாயி ஏறினால், அதாவது இரண்டை ஏழு தடவை பெருக்கினால், 128. இடையில் ஒரு பாக்கி நிற்கிறது. எத்தனை சுற்று போனாலும் அது தீராது: மூன்றை எத்தனை தடவை பெருக்கினாலும் ஒற்றைப்படை, இரண்டை எத்தனை தடவை பெருக்கினாலும் இரட்டைப்படை, இரண்டும் எங்கே சந்திப்பது? ஐந்தொகை போடும்போது இடிக்கிற சில்லறையை யார் பற்றிலாவது எழுதித்தானே ஆகவேண்டும், அதே கதைதான். சுருதி சேர்க்கும் முறைகளுக்குள் இருக்கிற வித்தியாசமெல்லாம் இந்தப் பாக்கியை எந்தச் சுரத்தின் தலையில் எழுதுவது என்பதில்தான்.

முதல் வழி, பஞ்சமத்தையே பிடித்துக்கொண்டு போவது. கிரேக்கத்தில் பைதாகரஸ் பெயரால் வழங்குகிறது. ச, ப, ரி, த, க என்று நாலு தாவலில் ஐந்து சுரம் கிடைத்துவிடும். வரிசைப்படுத்திப் பார்த்தால் மோகனம்! ஐந்து சுரப் பாட்டு இத்தனை நாடுகளில் இருப்பதில் ஆச்சரியமில்லை என்று தோன்றும். ஆனால் இப்படிக் கிடைக்கும் காந்தாரம் 303.75. காதுக்கு இதமான காந்தாரம் சட்ஜத்தின் ஒன்றேகால் மடங்கு, அதாவது 300. சட்ஜத்தின் ஐந்தாவது மேல்சுரம் 1200, இந்தக் காந்தாரத்தின் நாலாவது மேல்சுரம் 1215. வித்தியாசம் 15 என்றால் விநாடிக்குப் பதினைந்து தடவை ஒலி பொங்கித் தணியும். தனியாகப் பாடுபவர் காந்தாரத்தை அப்படி ஏற்றி வைத்துக்கொள்வது அவர் இஷ்டம். பெட்டியில் சுருதியோடு சேர்த்து அழுத்தினால் கரகரக்கும். இந்த வழியை இதோடு விட்டுவிடலாம்.

இரண்டாவது, ஆப் காட்டும் வழி: சமப் பங்கு. பாக்கியைப் பன்னிரண்டு பேருக்கும் சமமாகப் பிரித்துவிடுவது. ஒவ்வொரு கட்டைக்கும் அடுத்த கட்டை ஒரே விகிதம், 1.0595 மடங்கு. பன்னிரண்டு தடவை பெருக்கினால் சரியாக இரண்டு வரும். சீனத்தில் சூ ட்சாய்யூ என்ற இளவரசர் 1584-லேயே இந்த எண்ணைக் கணக்கிட்டு எழுதிவிட்டார். சமப் பங்கு என்றாலே வெள்ளைக்காரன் வழி என்று ஒதுக்குகிறவர்கள் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1917-இல் வந்த ‘கருணாமிர்த சாகர’த்தில், ஸ்தாயிக்கு 22 சுருதி என்பதை மறுத்து, 24 சமப் பங்கு என்று பக்கம் பக்கமாக வாதாடியவர் அவர். 24 சமப் பங்கில் ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் ஆப் காட்டும் அதே பன்னிரண்டுதான்.

இதன் பலம் பெரிது. எந்தக் கட்டையை ‘ச’ ஆக்கினாலும் ராகம் ஒரே மாதிரி இருக்கும். வெள்ளைக் கட்டை ஏழுக்கும் 1 முதல் 7 வரை எண், நடுவில் வரும் கறுப்புக்கு அரை சேர்த்துச் சொல்வது வழக்கம். இன்றைக்கு 5 கட்டை, நாளைக்கு 5½, தொண்டை கட்டிய அன்றைக்கு 4½ என்று மாறலாம். கிரக பேதம் (அதே சுரங்களில் ‘ச’-வை மட்டும் இடம் மாற்றி வேறு ராகம் காண்பது) கற்பவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. கறுப்புக் கட்டை ஐந்தில் 4½-யை ‘ச’ ஆக்கினால் மோகனம். அடுத்த கறுப்பை ‘ச’ ஆக்கினால் மத்தியமாவதி, அதற்கடுத்ததை ஆக்கினால் இந்தோளம். சமப் பங்கில் இந்த மாற்றம் ஒரு பிசிறு இல்லாமல் வரும். சினிமாப் பாட்டுக்குக் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து அழுத்துவது) பிடிக்கவும், கிட்டார் கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கவும் இதுதான் தேவை.

குறை எங்கே? பஞ்சமம் 360-க்குப் பதில் 359.6. முன்சொன்ன கணக்கில் விநாடிக்கு ஓர் அசைவுகூட முழுதாக இல்லை, காது மன்னித்துவிடும். மத்திமமும் அப்படியே. காந்தாரம்தான் மாட்டிக்கொள்கிறது. 300-க்குப் பதில் 302.4. விநாடிக்கு ஒன்பது பத்து அசைவு. தைவதம் 400-க்குப் பதில் 403.6, நிஷாதம் 450-க்குப் பதில் 453. ஆக, சமமாகப் பிரித்தோம் என்று பெயரே தவிர, வலி சமமாக விழவில்லை. பஞ்சமக் குடும்பம் தப்பித்துக்கொண்டது, காந்தாரக் குடும்பம் சுமக்கிறது. பழைய பெட்டியில் சுருதியை நிறுத்திவைத்து ‘க’-வை மெதுவாக அழுத்திப் பாருங்கள். எங்கள் குழுவில் முதலில் எடுத்துக்கொடுக்கும் ஆச்சிக்கு இந்த எண் எதுவும் தெரியாது. “காந்தாரத்துல நிக்கையில பெட்டி விம்முதப்பா, நம்ம குரல் தனியாத் தெரியுது” என்றார். அந்த விம்மல்தான் விநாடிக்கு ஒன்பது பத்து.

கீபோர்டில் வாசித்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது உறுத்தாது, அவர்கள் காதுக்கு அதுவே சரியான காந்தாரம். அதில் தப்பும் இல்லை. ஆனால் நாம் தேர்வு செய்வது எதைப் பாட என்பதைப் பொறுத்தது.

மூன்றாவது வழி, ரிப்பேர்க்காரர் சொன்ன ‘ஒட்டுற மாதிரி’. இயற்கைச் சுருதி என்பார்கள். ஒவ்வொரு சுரத்தையும் சட்ஜத்துக்கு எளிய பின்னமாக வைப்பது. ச 240, ரி 270, க 300, ம 320, ப 360, த 400, நி 450, மேல் ச 480. சங்கராபரணத்துக்கு இப்படி எழுதிப் பார்த்தால் எல்லாம் முழு எண். சட்ஜத்தோடு எந்தச் சுரத்தை அழுத்தினாலும் அடங்கி நிற்கும். ‘க’-வில் நிறுத்தினால் விம்மல் இருக்காது, ஆச்சியின் குரலும் பெட்டியும் பிரிந்து தெரியாது.

அப்போ பாக்கி எங்கே போயிற்று? ரி-க்கும் த-வுக்கும் நடுவில் ஒளிந்திருக்கிறது. 270-க்கு ஒன்றரை மடங்கு 405, பெட்டியிலோ 400 இருக்கிறது. ரிஷபத்தை ‘ச’ ஆக்கிப் பாட நினைத்தால், பஞ்சமமே, அதாவது ஆடவே கூடாத சுரம், விநாடிக்குப் பத்து அசைவோடு அலறும். சமப் பங்கில் எல்லாச் சுருதியும் கொஞ்சம் கொஞ்சம் கெட்டிருக்கும். இயற்கையில் ஒரு சுருதி அப்பழுக்கில்லாமல் இருக்கும், சில சுருதிகள் தேறும், மற்றவை பக்கத்திலேயே போக முடியாது.

எது எது தேறும் என்பதுதான் உருப்படியான கேள்வி, இதை யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்வதில்லை. நான் போட்டுப் பார்த்தேன். ஸ்தாயியை 1200 பங்காக்கி ஒரு பங்குக்கு ஒரு சென்ட் என்பது வழக்கம். சமப் பங்கில் அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையே 100 சென்ட். எங்கள் குழுவில் ஆச்சிமார்கள் பாடுவது 5 கட்டை, ஆண்கள் தனியாக எடுத்தால் 1 கட்டை. கோயிலில் நாதஸ்வரத்தோடு சேர வேண்டிய நாளில் 2 கட்டை வரும். பெட்டியை 5 கட்டையை ‘ச’ ஆக வைத்து இயற்கைச் சுருதியில் சேர்த்தால், 5 கட்டை சுத்தம். 1 கட்டையில் ரி, க, ம, ப, நி எல்லாம் சரி, தைவதம் மட்டும் 22 சென்ட் உயரம். அந்த உயரத்தில் தைவதம் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் பெரிய குற்றமில்லை. ஆனால் 1 கட்டையில் சுத்த ரிஷபம், அதாவது ‘ச’-வை ஒட்டிய தாழ்ந்த ரிஷபம், 20 சென்ட் இறங்கிவிடும். நாதநாமக்ரியா மாதிரி ராகங்களை அங்கே பாட வேண்டாம். 2 கட்டையில் சதுசுருதி ரிஷபம், அதாவது இதுவரை ‘ரி’ என்று சொல்லிவந்த உயர்ந்த ரிஷபம், 22 சென்ட் தாழ்வு, சங்கராபரணத்தின் மற்ற சுரங்கள் சரி. 5½-இல் மத்திமம் 20 சென்ட் கீழே போகும், அது கஷ்டம். 6 கட்டையைத் தொடவே கூடாது, மேலே சொன்ன ரிஷபம் ‘ச’ ஆகும் கதை அதுதான்.

இதே பெட்டியை 1 கட்டைக்குச் சேர்த்திருந்தால் 1, 4, 5 தேறும், 2 போய்விடும். அதாவது ஆதாரத்தை எங்கே வைக்கிறோமோ அது, அதன் மத்திமம், அதன் பஞ்சமம் ஆகிய மூன்று சுருதிகள் கையில் நிற்கும். ஆகவே பெரும்பாலும் பாடுகிற சுருதியைக் கண்ணை மூடிக்கொண்டு ‘ச’ ஆக்கிவிடாமல், தேவைப்படுகிற சுருதிகள் எந்தச் சுரத்தின் இருபக்கமும் விழுகின்றன என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு 1, 5, 2 மூன்றும் 5-ஐச் சுற்றி விழுந்தது அதிர்ஷ்டம்.

ஸ்கேல் சேஞ்சர் இருக்கிற பெட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதில் நகர்வது கட்டைகள்தான், நாக்குகள் இருந்த இடத்திலேயே இருக்கும். இயற்கைச் சுருதியில் சேர்த்துவிட்டு ஸ்கேலை நகர்த்தினால் சுருதி கூடவே வரும் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெட்டிக்குச் சமப் பங்கே மேல்.

இந்த இடத்தில் 72 மேளகர்த்தாவை, அதாவது தாய் ராகங்களை, இழுத்து வந்து, “சமப் பங்கு இல்லாவிட்டால் 72 எப்படி வரும்?” என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்தது எண்ணிக்கைக் கணக்கு. ச-வுக்கும் மத்திமத்துக்கும் நடுவில் உள்ள நாலு இடங்களில் இரண்டை எடுக்க 6 வழி, மேல் பாதியிலும் அப்படியே 6, மத்திமம் 2. பெருக்கினால் 72. அந்த இடங்கள் நாலு சென்ட் மேலே இருந்தாலும் பதினாறு சென்ட் கீழே இருந்தாலும் எழுபத்திரண்டு எழுபத்திரண்டுதான்.

வீணையாக இருந்தால் இவ்வளவு பேச்சே வேண்டாம். மெழுகில் பதித்த 24 மெட்டு, அவற்றைப் பதிக்கும் ‘மேளம் கட்டுகிறவர்’ காதால் கேட்டு வைப்பார், மிச்சத்தை வாசிப்பவர் தந்தியை இழுத்துச் சரிக்கட்டிவிடுவார். காரைக்குடி என்றாலே வீணை நினைவு வரும்படி வாசித்த சகோதரர்கள் சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர். அண்ணன் வீணையை நெட்டுக்குத்தாகப் பிடிப்பாராம், தம்பி வழக்கம்போலப் படுக்கவைத்து. எப்படிப் பிடித்தால் என்ன, கமகத்தில், அதாவது சுரத்தை அசைத்து வாசிக்கையில், ஓடும் காந்தாரத்துக்கு ஓர் எண் போட்டு நிறுத்தவே முடியாது, தோடியில் அது ஓர் இடத்தில் நிற்பதே இல்லை. ஆர்மோனியத்துக்கு அந்த வசதி கிடையாது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்ததற்குச் சொன்ன குறைகளில் கமகம் வராது என்பது ஒன்று, சுரங்கள் நம் சுருதிக்கு ஒட்டவில்லை என்பது இன்னொன்று. முதலாவதற்கு மருந்தில்லை. இரண்டாவதற்கு ஓர் அரம் போதும்.

என்ன பாடப் போகிறோம் என்பதற்கு வருவோம். தேவாரப் பண்களை இன்று ஓதுவார்கள் பாடும் ராகங்களை வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். பழம்பஞ்சுரம் சங்கராபரணம். தக்கேசி காம்போதி. குறிஞ்சி அரிகாம்போதி. காந்தார பஞ்சமம் கேதாரகௌளை. மேகராகக்குறிஞ்சி நீலாம்பரி. செவ்வழி யதுகுலகாம்போதி. சீகாமரம் நாதநாமக்ரியா. இந்த ஏழுக்கும் பொதுவானது அந்தர காந்தாரம். சமப் பங்கில் பலமாக அடிபடும் அதே சுரம். கச்சேரியில் இது கமகத்துக்குள் மறைந்துவிடலாம். ஆனால் இருபது பேர் ஒன்றாக, பெரும்பாலும் வயதானவர்கள், ‘க’-வில் நீட்டி நிறுத்தும் குழுவில் மறையாது. கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் தொடங்கிய பல்கலைக்கழகமும், 1943-இல் உருவான தமிழ் இசைச் சங்கமும் பண்களுக்காக அவ்வளவு மெனக்கெட்டிருக்க, அதே மண்ணில் பண் பாடும் பெட்டி காந்தாரத்தில் விம்மினால் நன்றாகவா இருக்கும்?

ஆகவே எங்கள் பெட்டிக்கு இயற்கைச் சுருதி, ஆதாரம் 5 கட்டை என்று சொல்லிவிட்டேன். குழுவில் ஒருவர், பேத்தி கீபோர்டு கற்றுக்கொள்கிறாள், இந்தப் பெட்டியில் சினிமாப் பாட்டு வாசித்தால் இடிக்குமே என்றார். இடிக்கும்தான். அவளுக்குச் சமப் பங்கில் கீபோர்டு இருக்கிறது, அதை அப்படியே விட்டுவிடலாம். ஒரே பெட்டியில் பஜனை, சினிமா, கிட்டாரோடு வாசிப்பு எல்லாமும் நடக்கிற வீடாக இருந்தால் நானே சமப் பங்கைத்தான் சொல்வேன், யோசிக்கவே மாட்டேன். புதிதாக கீபோர்டு வாங்குபவர்கள், சில மாடல்களில் ஒவ்வொரு சுரத்தையும் சென்ட் கணக்கில் தனியாக ஏற்றி இறக்கும் வசதி உண்டா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். அது இருந்தால் இரண்டும் ஒரே கருவியில் முடிந்துவிடும், பித்தளை சுரண்டும் பயமும் இல்லை.

ரிப்பேர்க்காரரிடம் விகிதம், பின்னம் என்று பேசிப் பயனில்லை. அவர் கையில் இருப்பது ஆப், அது சமப் பங்கை நடுவில் வைத்து எத்தனை சென்ட் ஏற்றம், எத்தனை இறக்கம் என்று காட்டும். அதனால் ஒரு துண்டுச் சீட்டில் இப்படி எழுதிக் கொடுத்தேன் (இரண்டு வகை உள்ள சுரங்களில் முதலில் வருவது தாழ்ந்தது). 5 கட்டை ‘ச’ நடுவில், ஏற்ற இறக்கம் இல்லை. சுத்த ரிஷபம் 12 ஏற்றம், சதுசுருதி ரிஷபம் 4 ஏற்றம். சாதாரண காந்தாரம் 16 ஏற்றம், அந்தர காந்தாரம் 14 இறக்கம். சுத்த மத்திமம் 2 இறக்கம், பிரதி மத்திமம் 10 இறக்கம். பஞ்சமம் 2 ஏற்றம். சுத்த தைவதம் 14 ஏற்றம், சதுசுருதி தைவதம் 16 இறக்கம். கைசிகி நிஷாதம் 4 இறக்கம், காகலி நிஷாதம் 12 இறக்கம். இரண்டு வரிசை ரீடுக்கும் இதே எண்கள்.

சீட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார், “காந்தாரத்தப் பதினாலு இறக்கணுமா, ரொம்ப இருக்கே?” முதலில் நடு ஸ்தாயி ‘க’ ஒன்றை மட்டும் இறக்கி, சட்ஜத்தோடு சேர்த்து அழுத்திக் கேட்டுவிட்டு மற்றதைத் தொடச் சொல்லியிருக்கிறேன். இறக்குவதற்கு நாக்கின் அடியில் மெல்லச் சுரண்ட வேண்டும், அதுவும் ஒரே மூச்சில் பதினாலையும் இறக்காமல் பத்தோடு நிறுத்தி, மறுபடி பொருத்திக் கேட்டு, அப்புறம் மிச்சம். சுரண்டிய ரீடு சில நாளில் கொஞ்சம் நகரும் என்பதால், ஒரு வாரம் வாசித்தபின் இன்னொரு தடவை ஆப் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியின் மேல்பலகையை முடுக்குவது என்று பேசியிருக்கிறோம்.